நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்குத் தந்தி என்று பெயர். பேச்சு விட்டு விட்டு வரும் என்பதால் யாரோ ஒரு புண்ணியவான் வைத்தது. வைத்தவன் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டான், பெயர் மட்டும் போகவில்லை. முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொள்ளும். "பெ... பெ..." என்று அவள் ஆரம்பித்தால் போதும், பக்கத்தில் நிற்கும் நாத்தனார் "பெட்ஷீட்டா அண்ணி? இந்தாங்க!" என்று கையில் திணித்துவிடுவாள். தந்தி கேட்க வந்தது பெரிய வாளியாக இருக்கும். திருப்பிச் சொல்வதற்கு இன்னொரு பாடு படவேண்டுமே என்று பெட்ஷீட்டையே வாங்கிக்கொள்வாள்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. புருஷனின் தங்கை. ஒரே வீடு, ஒரே வேலை, போக வர ஒரே பஸ். அண்ணி ஆரம்பித்த வாக்கியத்தை முடித்துவைப்பதை அவள் பெரிய உபகாரமாக நினைத்துச் செய்தாள். பாதிக்கு மேல் தப்பாகத்தான் முடித்தாள் என்பது வேறு விஷயம். ஒரு சேதியை மூச்சு விடாமல் சொல்லி முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அதே சேதியை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லக்கூடியவள் அவள்.

இருவரும் மாடியில் நடந்த மாலை வகுப்புக்குப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக ஆஸ்பத்திரியே நடத்திய வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் எழுத்து, இரண்டாம் வகுப்பில் வார்த்தை, மூன்றாம் வகுப்பில் கதையும் செய்தியும். மூன்றை முடித்தவர்களுக்குத்தான் துணி ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் காய்ந்த துணி, மடித்த துணி. எந்த வார்டுக்கு எது என்று படித்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் போதும்.

தந்திக்கு அந்த ஸ்டோர் வேண்டும். ஈரத் துணியை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து அவளுடைய வலது தோள் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, தலை வாரக் கையைத் தூக்க முடியாது. "இனிமே பாரம் தூக்காதீங்க" என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், பாரம் அங்கேயேதான் இருந்தது.

யாருக்கு எந்த வகுப்பு என்பதை வருஷ ஆரம்பத்தில் ஒரு சோதனை வைத்து முடிவு செய்வார்கள். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு மேஜைமேல் இருக்கும் மணிக்கடிகாரத்தைத் திருகிவிடுவார்கள். அது அடிப்பதற்குள், அதாவது ஒரு நிமிஷத்துக்குள், எத்தனை வார்த்தையைச் சத்தமாகப் படிக்கிறாயோ அவ்வளவுதான் உன் படிப்பு. முதல் வருஷம் தந்தியை ஒன்றில் போட்டார்கள். அது நியாயம், அப்போது அவளுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அவள் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துத் தள்ளிவிட்டாள். பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துக் காகிதம், பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் விரித்துப் பிடித்த பத்திரிகை, எதையும் விடவில்லை. படித்தது எல்லாம் வாய்க்குள்ளே, சத்தமில்லாமல். இரண்டாம் வருஷச் சோதனையில் மணி அடித்தபோது நாலாவது வார்த்தையில் நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. தெரிந்த எழுத்தையே ஒரு வருஷம் பூராவும் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தாள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயைத் திறந்து சொல்வதுதானே ஐயா அவளுடைய கஷ்டமே!

இந்த வருஷம் சோதனை வைக்க ஒரு புது டீச்சர் வந்திருந்தாள். சின்ன வயசு, கண்டிப்பு ஜாஸ்தி. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நாத்தனார் முதலில் போனாள். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு வார்த்தை எதுவும் பிடிபடவில்லை, குழாயைத் திறந்துவிட்டது போல இரைச்சல் மட்டும் கேட்டது. வரும்போதே துள்ளிக்கொண்டு வந்தாள்.

"மூணு, அண்ணி! நான் படிச்ச வேகத்துல டீச்சரே அசந்துட்டாங்க!"

"எ... என்ன க... க..."

"கஷ்டமான்னு கேக்கறீங்களா? ஒரு கஷ்டமும் இல்ல, கடகடன்னு படிச்சுட்டு வந்துட்டேன்."

என்ன கதை வந்தது என்று கேட்க நினைத்தாள் தந்தி. அதற்குள் கதவு திறந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு புத்தக அலமாரி. மேஜைமேல் அதே கடிகாரம். டீச்சர் பக்கத்தைக் கொடுத்துவிட்டுத் திருகினாள்.

"ஒ... ஒ... ஒ..."

ஒருவர் என்பது முதல் வார்த்தை. நாக்கு அங்கேயே மாட்டிக்கொண்டது. கண்ணுக்கு என்ன வந்தது? அது பாட்டுக்கு இறங்கிப் போயிற்று. ஒருவர் எக்கச்சக்கமாக விலை கொடுத்து ஒரு காவல் நாய் வாங்கினார். இரவானதும் நாய் சுகமாகத் தூங்கியது. அவரோ கையில் தடியோடு வாசலில் விழித்தபடி உட்கார்ந்திருந்தார். நாய்தான் இருக்கிறதே, நீங்கள் போய்த் தூங்கக் கூடாதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நன்றாயிருக்கிறதே, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாயை எவனாவது திருடிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்றார் அவர்.

"ஒ... ஒரு..." என்று திணறிக்கொண்டிருந்த தந்திக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். தோள் வலிக்க வலிக்கக் குலுங்கிச் சிரித்தாள்.

டீச்சரின் முகம் சிவந்தது. "எதுக்குச் சிரிக்கறீங்க?"

தந்தி கடைசி வரியில் விரலை வைத்தாள். அதே நேரம் மணி அடித்தது.

"நீங்க இன்னும் முதல் வரியே தாண்டலையே. கடைசி வரிக்கு எப்படிச் சிரிப்பு வரும்?" டீச்சர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "முன்னாடி வந்துட்டுப் போனவங்க வெளியே உங்களை அண்ணின்னு கூப்பிட்டாங்களே, உங்க நாத்தனார்தானே? கதையைச் சொல்லிக் குடுத்துட்டாங்களா?"

தந்திக்குச் சுர்ரென்று ஏறியது. போன வருஷமாக இருந்தால் எழுந்து போயிருப்பாள். முட்டாள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், ஆனால் திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போவதா? அந்தத் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, பென்சிலோடு டீச்சர் பக்கம் தள்ளினாள்.

"பு... பு... புதுசா எ... எழுதுங்க. ப... படிச்சு... செ... செ... செய்யறேன்."

சொல்லி முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. டீச்சர் குறுக்கே பேசவில்லை, கடிகாரத்தையும் தொடவில்லை. சற்று யோசித்துவிட்டு ஒரு வரி எழுதினாள்.

ஜன்னலைச் சாத்துங்கள்.

தந்தி எழுந்து போய்ச் சாத்தினாள்.

அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கும் நீலப் புத்தகத்தை எடுத்து, கீழ்த்தட்டில் இருக்கும் சிவப்புப் புத்தகத்துக்கு அடியில் வையுங்கள்.

வைத்தாள். வைப்பதற்கு முன்னால் முந்தானையால் ஒரு தட்டுத் தட்டினாள். அது தாளில் எழுதியிருக்கவில்லை, ஆனால் தூசியைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் இப்போது விளையாட்டுப் பிடித்துவிட்டது. நான் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் உங்கள் நாற்காலியில் உட்காருங்கள் என்று எழுதிக் காட்டிவிட்டு, "உக்காராதீங்க! நில்லுங்க!" என்று அதட்டினாள். தந்தி ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

கடைசியாக டீச்சர் ஒன்று எழுதினாள். தந்தி அதைப் படித்ததும் மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே நிற்பவர்களில் யார் அதிகமாகப் பேசுகிறாரோ அவரை உள்ளே அழைத்து வாருங்கள்.

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. கதவைத் திறந்தாள், வரிசையை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை, நேராகப் போய் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலையே டீச்சர்! சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல நின்னவங்ககிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை, அதுவும் அவங்களா கேட்டதாலதான்..."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீங்க சொல்லுங்க. அந்த ஆள் ஏன் தூங்காம உக்காந்திருந்தாரு?" என்றாள்.

"எந்த ஆள்?"

"நாய் வாங்கினாரே, அவரு."

"அந்தக் கதையில நாய் வருதா டீச்சர்?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். "இதை வெச்சுக்கிட்டு நான் இவ்வளவு நேரமா எதை அளந்துக்கிட்டு இருந்தேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அதைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். "மன்னிச்சுக்கங்க அக்கா, உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். உங்களுக்கு மூணாம் வகுப்பு. உங்க நாத்தனாருக்கு ரெண்டு."

"ரெண்டா? அவ்வளவு வேகமாப் படிச்சேனே!"

"வேகமாத்தான் போனீங்க. அடுத்த தடவை வழியில நாய் நிக்குதான்னும் பாருங்க."

நாத்தனார் சண்டைக்கு வாயைத் திறந்தாள். அப்போதுதான் முதல் பாதி அவளுக்கு உறைத்தது. "அண்ணிக்கு மூணா? எங்க அண்ணிக்கா? ரெண்டு வருஷமா பஸ்ல பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு எனக்குத் தெரியாமப் போச்சே!" அவள் கண் கலங்கிவிட்டது. தன் இரண்டாம் வகுப்பை அதோடு மறந்தும் போனாள்.

தந்திக்கு எதுவும் ஓடவில்லை. ஸ்டோரின் மர அலமாரிகளும் சோப்பு வாசனையும்தான் நினைவுக்கு வந்தன. இன்னும் ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷத்துக்கு இந்தத் தோள் தாங்காமலா போய்விடும்?

வெளியே வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கொதிகலன் பார்க்கிற பெரியவர் அனுதாபத்தோடு, "என்னம்மா தந்தி, இந்த வருஷமும் ஒண்ணுதானா?" என்றார்.

தந்தி நிமிர்ந்து நின்றாள்.

"மூ..."

நாத்தனாரின் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, ஆனால் கையை எடுக்கவில்லை.

"மூ... மூ..."

தாழ்வாரம் முழுக்கக் காத்திருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"மூணு."

நாத்தனார் கையை எடுத்து ஒரு பெருமூச்சு விட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி," என்றாள்.

தந்தி சாவகாசமாக, முதலிலிருந்து, இன்னொரு தடவை சொன்னாள்.