பலகையில் கிடந்த ராசா

மத்தியானம் பாரை மீன் குழம்பு. என் புருஷன் சூசைதாசன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இஞ்சரப்பா, உப்புக் காணாது" என்றார். போட்டிருக்கிறேன் என்றேன். தானே எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து தூவினார். அதன் பிறகும் காணாது என்றார். இரவு காய்ச்சல் வந்தது. தொற்றுக்காலம் அது. முதலில் நாக்கின் ருசியை எடுத்துக்கொள்கிற நோய் என்று எங்களுக்கு விளங்கியபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வரவில்லை.

அடக்கத்தன்று நானும் மகள் அமலினியும் பிழைக்க வந்த வெளிநாட்டில், பிரான்காச்சோ பகுதியில் எங்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம். எங்களுக்கும் தொற்று. பூட்டிய பெட்டியை ஃபோனில் பார்த்தோம். எங்கள் மன்னாரில் என்றால் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்திருப்பார்கள். ஒப்பாரிக்கு முன்னால் உடம்பு கிடக்க வேண்டும், பக்கத்தில் எடுத்துச் சொல்ல இன்னொருத்தி வேண்டும். சுவரைப் பார்த்துத் தனியே சொல்ல முடியாது. நான் அழவில்லை. கறுப்பு உடுத்தி வருடம் முடிந்து, கறுப்பைக் கழற்றிய பிறகும் அழவில்லை.

இரண்டாம் வருடம் கரண்ட் பில்லுக்குப் பயந்து கடைக்காரர்களே விளக்கை அணைத்துவைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, பொலிதேயாமா பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் எசமானிக்குப் பழங்காலத்தில் வாழ ஆசை வந்தது. அவளும் வக்கீலான புருஷனும் ஒரு சங்கத்தில் இருந்தார்கள். சனி ஞாயிறு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு அப்பால் ஓர் இடிந்த கோபுரத்தடியில் கூடாரம் அடித்து, இந்த நாட்டை முந்தி ஆண்ட நோர்மன் ராசா காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு இருப்பார்களாம். கஷ்டகாலத்தில் மனதுக்கு நல்லதாம். நானும், அதே கட்டடத்தில் படி துடைக்கும் அருள்நாயகி அக்காவும் வேலைக்காரிகளாக வேஷம் போட வேண்டும் என்றாள். கிழமை முழுக்கச் செய்கிற வேலையைச் சனிக்கிழமை சாக்குத் துணி கட்டிக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அமலினி எங்களோடு வந்தாள்.

வீரர்களின் இரும்புத் தொப்பிகள் வெள்ளி மை பூசிய பிளாஸ்டிக். குதிரை கிடைக்காததால் ஒருவர் தன் நாயை நடத்திக்கொண்டு திரிந்தார். பல் வைத்தியர் ஒருவர் துறவி உடுப்புக்குள்ளிருந்து ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தார். மரக் கிண்ணத்தில் பயறுக் கஞ்சி குடித்துவிட்டு, ஏழைகள் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். கிண்ணங்களை நாங்கள் கழுவினோம்.

ஞாயிறு பின்னேரம் ராசாவின் சாவீடு. வக்கீல்தான் ராசா. பலகையில் மல்லாந்து கிடந்தார். தாடியை இலாஸ்டிக் பிடித்திருந்தது, மணிக்கூட்டைக் கழற்ற மறந்துபோனார். அழ வேண்டிய சிநேகிதிகள் கைக்குட்டைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிஞ்ஞோராவுக்குக் கோபம். எங்கள் பக்கம் திரும்பி, உங்கள் ஆட்கள் சத்தம்போட்டு அழுவார்களாமே, வாருங்கள் என்றாள்.

எனக்கு முகம் கொதித்தது. போக மாட்டேன் என்றுதான் நின்றேன். அருள்நாயகி அக்கா காதுக்குள், "வா மலர், தமிழிலைதானே. ஆருக்கு விளங்கப்போகுது?" என்றாள்.

பலகையடியில் முழங்காலில் இருந்து அவளைக் கட்டிப்பிடித்து, வக்கீல் தன் வீட்டில் செய்கிற கூத்தையே ஒப்பாரியாக எடுத்துத் தொடங்கினேன்.

"குளிச்ச துவாயை நிலத்திலை போட்டிட்டுப் போட்டியே, என்ரை ராசாவே!"

"ஆர் இனி அதைக் குனிஞ்செடுக்கிறது, என்ரை துரையே!" என்று அவள் எடுத்தாள்.

"கறிச் சட்டியைத் திறந்து மூக்கைப் பொத்துவியே, ராசாவே! களவாய் வந்து வழிச்சுத் தின்னுவியே, ராசாவே!"

கூட்டம் உறைந்து நின்றது. வயதான பெண் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். என்ன சொல்கிறார்கள் என்று சிஞ்ஞோரா அமலினியிடம் கேட்டிருக்கிறாள். நீதியான ராசா, ஏழைகளுக்குத் தகப்பன் என்று பிள்ளை முகம் மாறாமல் மொழிபெயர்த்தாள். அது எனக்குக் கேட்டது. சிரிப்பு முட்டியது. அருள்நாயகி அக்காவின் தோளும் குலுங்கியது. சிரிப்பை மறைக்க அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து அடுத்த அடியைத் தேடினேன். துவாயும் சட்டியும் முடிந்துபோயிருந்தன. வேறு அடி வந்தது.

"உப்புக் காணாதெண்டு சொல்லிப்போட்டுப் போனியே, என்ரை ராசாவே..."

அக்காவுக்கு அது யாரென்று விளங்கியது. என்னை இறுக்கிப் பிடித்தாள். "நாக்குச் செத்தது தெரியேல்லையே, என்ரை ராசாவே" என்று அவள் எடுத்துக்கொடுத்தாள். அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இல்லை. பெட்டி, ஃபோன், முத்தம் கொடுக்காத நெற்றி, எல்லாம் வந்திருக்க வேண்டும். தொண்டை வற்றும்வரை அழுதேன்.

கைதட்டல் கேட்டு நிமிர்ந்தேன். செத்த ராசா எழும்பி இருந்து பிராவா, பிராவா என்று தானும் தட்டினார். தாடி ஒரு காதில் தொங்கியது. அடுத்த வருடமும் இவர்கள்தான் அழ வேண்டும் என்று சிஞ்ஞோரா எல்லோருக்கும் அறிவித்தாள். தங்கள் சாவுக்கே கைதட்டிக்கொள்ளும் இந்தச் சனத்தை எந்தக் கஷ்டகாலமும் தொடாது.

கூடாரத்துக்குப் பின்னால் போய் நாங்கள் மூவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

"அம்மா, திங்கக்கிழமை அந்தத் துவாயை எடுப்பீங்களோ?" என்றாள் அமலினி.

"ஓம், எடுப்பன்" என்றேன். எடுத்தேன்.

அந்தத் திங்கள் இரவு பாரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் போன பிறகு அந்த மீனை வீட்டுக்குள் எடுத்ததில்லை. வழக்கமாகப் போடும் அளவு உப்புத்தான் போட்டேன். அமலினி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

உப்புக் கணக்காய் இருந்தது. அன்றைக்கும் கணக்காய்த்தான் இருந்தது.