ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் விருந்தாளியாகப் போவதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் அவன் செய்திருந்தான். கம்பெனிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நகக்கண்ணில் ஒட்டியிருந்த கிரீஸைப் பழைய பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். கருவிப் பையை, அதிலிருந்த சாவியோடு சேர்த்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினான். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பை ஆரஞ்சுமாகப் புறப்பட்டவனைப் பார்த்து, "பொண்ணு பார்க்கப் போற மாதிரியில்ல இருக்கு" என்று மனைவி சிரித்தாள்.

போனது அக்காவைப் பார்க்க. அக்கா அன்றைக்கு மகனோடு வெளிநாடு போகிறாள், இனி திரும்பி வரப்போவதில்லை. சின்னம்மா மூலமாகத்தான் சேதி வந்தது: "வர்றதா இருந்தா வரச் சொல்லு. ஆனா லிஃப்டு ரிப்பேருக்கு வர்ற மாதிரி வர வேண்டாம். தம்பியா வரட்டும்." அக்காவின் பழைய போன் நம்பரை முந்தின நாளே துண்டித்துவிட்டார்கள். புது நம்பர் இவனிடம் இல்லை. ஆகையால் நேரில் போவதைத் தவிர வழியும் இல்லை.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. எப்போதோ ஒரு நாள் அத்தான் நாலு பேர் முன்னால், "கிரீஸ் கையோட சோபால உக்காராதப்பா" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் அன்றைக்கே மறந்துவிட்டார். இவன் மறக்கவில்லை. ரோஷத்துக்குப் பொறந்தவன்! அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை இவனுடையது; வாராவாரம் வருவான், ஏழாம் மாடி, எட்டாம் மாடி என்று குடைவான், ஒன்பதாம் மாடியில் அக்கா வீட்டு வாசலை மட்டும் மிதிக்க மாட்டான். அத்தான் இறந்தபோதும் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்துவிட்டான்.

அங்கே இருந்த இரண்டில் இடது லிஃப்டில் ஏறி நின்றதும் கதவு மூடியது. உள்ளே பட்டன் கிடையாது. பட்டன் பலகையைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்ததும் இவன்தான். இப்போதெல்லாம் அது ஏறுகிறவரின் முகத்தையும் நடையையும் கையில் இருப்பதையும் பார்த்தே எந்த மாடி என்று தெரிந்துகொள்ளும். மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்கப் போகிறவரைக் கேட்காமலே மொட்டை மாடியில் கொண்டுபோய் விட்டுவிடும். இனிமையான பெண் குரல் என்பதால் குடியிருப்பவர்கள் அதற்கு 'அம்மணி' என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் பொருத்தம்தான், சொன்ன பேச்சைக் கேட்காத அம்மணி.

"ஒன்பது" என்றான், வழக்கமில்லாத வழக்கமாக.

லிஃப்ட் ஏறியது. ஏழாம் மாடியைத் தாண்டியதும் மெல்லக் குலுங்கி நின்றது.

"வணக்கம், மெக்கானிக். எட்டாம் மாடிக் கதவைப் பார்க்கலாம்."

எட்டாம் மாடிக் கதவின் அடிப்பட்டை அடிக்கடி தேயும். அதைப் பார்க்க இந்த இடத்தில் நிறுத்துவது இவன் வழக்கம். முதலில் சொல்லி நிறுத்தினான், பிறகு அதுவே கற்றுக்கொண்டு நின்றது. 'சொல்லாமலே செய்யுது பார்' என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

"இன்னிக்கு வேலைக்கு வரலம்மா. அக்காவைப் பார்க்க வந்திருக்கேன். மேலே போ."

"பராமரிப்பு முடியும்வரை யார் சொன்னாலும் நகர மாட்டேன். உங்கள் கை உள்ளே இருக்கலாம். முடிந்ததும் சாவியைத் திருப்புங்கள்."

கூட வேலை பார்த்த ஒருத்தனின் விரல் போனபோது, மீட்டிங்கில் மேஜையைத் தட்டி, "சாவி திரும்பினாத்தான் லிஃப்டு நகரணும், எந்தக் கொம்பன் சொன்னாலும் நகரக் கூடாது" என்று சண்டை போட்டு அந்த விதியை வாங்கியவன் இவன். உள் கதவைத் திறக்கவும் அதே சாவி. சாவியோ கட்டிலுக்கு அடியில்.

"சாவி வீட்ல இருக்கு. நான் மாட்டிக்கிட்டேன்."

"உதவிக்கு அழைக்கிறேன்."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. 'மிக அருகில் ஒருவர் லிஃப்டில் சிக்கியுள்ளார். உடனே செல்லவும்.' சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முடியாது என்று தள்ளினான். வேலை அடுத்த மெக்கானிக்குக்குப் போனது. அவன் ஊரின் மறுகோடியில் இருந்தான்.

"நம்பும்மா. அக்கா வீட்டுக்குத்தான் போறேன்."

"இதுவரை நீங்கள் ஒன்பதாம் மாடிக்கு யாரையும் பார்க்கச் சென்றதில்லை" என்றது குரல். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னது. வியர்வையில் இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு அடிக்கு நாலு அடிப் பெட்டி அன்றைக்கு இன்னும் சுருங்கிப்போனதாகத் தோன்றியது. மூச்சு முட்டியது. வருஷக்கணக்காக இதே பெட்டிக்குள் நின்று வேலை பார்த்தவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அப்போது மேலே பயணப் பெட்டியின் சக்கரம் உருளும் சத்தம். லிஃப்ட் ஓடும் பள்ளம் கிணறு மாதிரி, மேலே பேசுவது அப்படியே கீழே இறங்கும்.

"இடது லிஃப்டில் மெக்கானிக் வேலை செய்கிறார். வலப்பக்கம் வாருங்கள்" என்றது அம்மணி, மேலே யாரிடமோ.

"எந்த மெக்கானிக்?" அக்கா குரல்.

"வழக்கமாக வருபவர்."

உருண்ட சக்கரம் நின்றது. பிறகு அக்கா தனக்குத்தானே, "இன்னிக்குமா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவன் உடைந்துபோனான். "அக்கா!" என்று கதவை இரண்டு கையாலும் அறைந்தான். "அக்கா, மாட்டிக்கிட்டேன்! வேலைக்கு வரலக்கா! உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்!"

வலிக்கும் முழங்காலோடு அக்கா ஒரு மாடி இறங்கி எட்டாம் மாடிக் கதவருகே வந்தாள். வளையல் கதவில் இடிபடுவது கேட்டது.

"நிஜமாத்தான் சொல்றியாடா?"

"சத்தியமா. நல்ல சட்டை போட்டிருக்கேன். ஆரஞ்சு வாங்கிட்டு வந்திருக்கேன்."

"சட்டையை நான் எங்கேருந்து பார்க்க?" அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஒவ்வொரு வாரமும் நீ தட்டுற சத்தம் கேக்கும்டா. அந்தத் தட்டுலேயே நீதான்னு தெரிஞ்சிடும். அடுப்பை அணைச்சிட்டு வாசல்ல வந்து நிப்பேன். நீ வேலையை முடிச்சிட்டுக் கீழே போயிடுவ. கதவு திறந்து கெடந்தப்பல்லாம் நீ வரல. இன்னிக்கு வந்திருக்க, கதவு திறக்க மாட்டேங்குது."

"தப்புதான்க்கா. அத்தான் சொன்னதை..."

"அவர் சோபாவுக்காகச் சொன்னாரு. நீ எனக்கு அபராதம் போட்ட."

அவன் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றான். அழுகையை அடக்கவில்லை, அடக்கி யாருக்குக் காட்டப் போகிறான்?

"உள்ளே இருப்பவர் உங்கள் விருந்தினரா?" என்று அம்மணி அக்காவைக் கேட்டது.

"விருந்தாளியா? கூடப் பொறந்தவன்!"

"விருந்தினர், பணியாளர், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

"விருந்தாளின்னே வச்சுக்கோ, போ."

"நன்றி. பணியாளராக இருந்தவரை மாற்ற அலுவலக ஒப்புதல் வேண்டும். கேட்டிருக்கிறேன்."

கீழே கார் ஹாரன் அடித்தது. விட்டுவிட்டு மறுபடி அடித்தது. அக்கா நகரவில்லை. மகன் படியில் ஓடி வந்து, "அம்மா, இதுக்கு மேல லேட்டானா பிளைட் போயிடும். மாமாகிட்ட அப்புறம் போன்ல பேசிக்கலாம்" என்றான்.

"போக்கா" என்றான் இவன். வேறென்ன சொல்வது?

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்க்கா. போ."

பக்கத்து லிஃப்டின் கதவு திறந்து மூடியது. சுவருக்கு அந்தப்புறம் அக்கா இறங்கிப் போவது கேட்டது. தோளுக்கு நேரே வந்து, இடுப்புக்கு இறங்கி, காலடியில் போய் மறைந்தது அந்தச் சத்தம். தொடும் தூரத்தில் போகிறாள் என்று தெரிந்தும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒப்புதல் வந்துவிட்டது. விருந்தினரே, வருக" என்றது அம்மணி.

"கீழே போ. சீக்கிரம் போ!"

"உங்களை அழைத்தது ஒன்பதாம் மாடி." லிஃப்ட் மேலே ஏறிக் கதவைத் திறந்தது. எதிரே அக்கா வீடு. பூட்டு தொங்கியது. வாசல் மிதியடியைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள், அது கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அந்த வாசலை அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலமாகிறது.

"உங்கள் வழக்கத்தைத் திருத்திக்கொண்டேன்" என்றது குரல், அதே இனிமையோடு. "இனி நீங்கள் எப்போது ஏறினாலும், கேட்காமலே இங்கே அழைத்து வருவேன்."

அடுத்த வாரம் இதே லிஃப்டில் அவனுக்கு வேலை இருந்தது.