வெறும் தண்ணி

நர்ஸ் ஷெட்டுக்குள் நுழைந்தபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்வதையும் யாரும் கேட்கவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் அப்பாவின் அந்த ஷெட்டில், வேலை முடிந்த பிறகு கால்பந்தைத் தவிர வேறு எதையும் யாரும் பேசி அவள் கேட்டதில்லை. தடுப்பூசி போடும் மையத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு, கால் கடுக்க, அப்பா வீட்டில் மறந்துவிட்டு வந்த இன்ஹேலரைக் கொடுக்க வந்திருந்தாள். உங்கள் நுரையீரலில் பாதி பெயின்ட்தான் இருக்கிறது என்று டாக்டர் ஒருமுறை அப்பாவிடமே அலுத்துக்கொண்டார். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஷெட் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். மைதானத்தில் வடக்கு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாண்டில், அவர் விசில் அடித்தால்தான் பாட்டே ஆரம்பமாகும். அங்கே அவருக்குப் பெயரும் விசில்தான். மூச்சு இருக்கிறதோ இல்லையோ, விசில் மட்டும் இருந்தது.

இன்றைய ரகளைக்குக் காரணம் எலெக்ட்ரீஷியனின் போனில் வந்திருந்த கிளப் அறிவிப்பு. தொற்றுநோயால் மூடிக்கிடந்த மைதானத்துக்குள் ரசிகர்களை மறுபடி விடப் போகிறார்கள். ஆனால் இரண்டு ஊசியும் போட்டதற்கான பாஸைக் காட்ட வேண்டும். இல்லாதவர் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

"டிக்கெட்டுக்குக் காசு குடுக்கறது நான். என் ஒடம்புல என்ன ஓடுதுன்னு அவனுக்கு எதுக்குய்யா காட்டணும்?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"என்ன ஓடுதுன்னு சாயங்காலமானா தெருவுக்கே தெரியும். பக்கத்துல வந்தாப் போதும்" என்றார் சலூன்காரர். "நான் போட்டுட்டேன்பா. நான் ஊசி போடலன்னா எவன் எங்கிட்ட கழுத்தக் குடுப்பான்?"

"கோல் விழுந்தா கிரவுண்டுல பத்து பேரு கட்டிப்பிடிச்சு உருளறான். அவனுக்கு ஒண்ணும் ஆகாது. மேல உக்காந்து கத்தறவனுக்குத்தான் வியாதி வரும், இல்ல?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அவனுங்களுக்கு வாரா வாரம் டெஸ்ட் எடுக்கறாங்க. உனக்கு எவன் எடுப்பான்?"

அப்பா நடுவில் புகுந்தார். "இன்னிக்கு ஊசி கேப்பான். நாளைக்கு பிரஷர், சுகர் எல்லாம் கேப்பான். கடைசில உள்ள ரெஃப்ரி மட்டும்தான் இருப்பாரு, அவரும் தனக்குத்தானே விசில் ஊதிக்கிட்டு."

சிரித்து முடித்ததும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பழைய டயர்களின் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த கோலி மாமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாலிபத்தில் பேட்டை அணிக்கு கோல்கீப்பராக இருந்தவர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார், அதாவது பள்ளி திறந்திருந்தால் ஓட்டுவார். நர்ஸ் சிறுமியாக இருந்தபோது முதன்முதலில் மைதானத்தைப் பார்த்தது இவருடைய தோளில் உட்கார்ந்துதான். கோல் விழுந்த சந்தோஷத்தில் அவர் தலைமுடியைப் பிய்த்து எடுத்திருக்கிறாள். இன்று வழுக்கை விழுந்ததற்கு அவள்தான் காரணம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அவருடைய மனைவி ஊசி போட்டுக்கொண்ட அதே வாரத்தில் இறந்துபோனாள். மாரடைப்பு, ஏற்கெனவே அடைப்பு இருந்திருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஊசிதான் என்று மாமா சொன்னார். யாரும் அவரிடம் வாதாடப் போகவில்லை. அத்தைக்கு ஊசி போட்டது வேறு மையம். நல்லவேளை என் கை இல்லை என்று நர்ஸ் பலமுறை நிம்மதிப்பட்டிருக்கிறாள், அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் பட்டிருக்கிறாள்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் டிவில பாத்துக்கறேன்" என்றார் கோலி மாமா.

"அந்தப் பேச்சே வேணாம்" என்றார் அப்பா.

அந்த நான்கு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே போனால் நால்வரும் சேர்ந்து போவது, இல்லாவிட்டால் யாரும் போவதில்லை. ஒருமுறை எலெக்ட்ரீஷியன் வேலையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்ததில், மற்ற மூவரும் கையில் டிக்கெட்டோடு முதல் பாதி முழுக்க கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே மூன்று கோல் விழுந்தது. அந்த மூன்றையும் காதால் கேட்டதை, கண்ணால் பார்த்த எந்த கோலையும்விடப் பெருமையாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொண்டாட்டிகளுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். ஆனால் இவர்கள் வாழ்க்கையில் சொன்ன சொல் தவறாமல் காப்பாற்றிய இடம் அது ஒன்றுதான்.

அந்த வழக்கம்தான் நர்ஸுக்கு இப்போது பயமாக இருந்தது. கோலி போடாதபோது நான் மட்டும் போட்டுக்கொண்டால் நன்றாகவா இருக்கும் என்று அப்பாவும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மையத்துக்கு அனுப்புவதற்கு முன் அவளைத் தொற்று வார்டில் டியூட்டி போட்டிருந்தார்கள். அப்பாவின் நுரையீரல் போன்ற நுரையீரல்கள் அங்கே என்ன ஆயின என்று அவள் பார்த்திருக்கிறாள். வீட்டில் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில், ஷேவ் செய்துகொண்டே அப்பா சொன்னார்: "கோலிய சம்மதிக்க வெச்சுட்டேன். ரெண்டு பேரும் நாளைக்கு வரோம். எலெக்ட்ரீஷியனையும் இழுத்துட்டு வரேன்."

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நிஜமாவாப்பா? மாமாவே ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டான். அவங்கிட்ட ஊசியப் பத்தி ரொம்பப் பேசாத கண்ணு. ஏற்கெனவே பயந்துபோய் இருக்கான். உன் கையால போட்டுடு, அவ்வளவுதான்."

எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றைத்தான் மையமாக மாற்றியிருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, நடுவில் மேஜை, ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி. அப்பா முதலில் உட்கார்ந்து சட்டையை மடித்தார். எலெக்ட்ரீஷியன் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு கோலி மாமா வந்தார். மற்றவர்களுக்குக் காட்டுவதுபோல் மருந்துக் குப்பியைத் திருப்பி அவரிடமும் காட்டினாள்.

"எங்கிட்ட எதுக்கும்மா இதெல்லாம் காட்டற" என்று அவர் சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா, சம்மதம்தானே?"

"உங்கப்பன் எல்லாம் சொல்லிட்டான். உன்ன நம்பித்தான உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். பயத்தை மறைக்கக் கண்ணடிக்கிறார் என்று நினைத்து, அவர் தோளை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுப் போட்டாள். இந்தத் தோளில்தானே உட்கார்ந்து ஊர்வலம் போனோம் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், வரிசையில் நிற்காமல் நேராக அவள் மேஜைக்கு வந்தார் மாமா. முகம் சிவந்து, உதடு காய்ந்து, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"ஏம்மா, தண்ணிக்குக்கூட இப்படிக் காய்ச்சல் வருமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எந்தத் தண்ணி மாமா?"

"நீ போட்டியே. வெறும் தண்ணிதான் ஏத்துவா, பாஸுக்காகன்னு உங்கப்பன் சொன்னானே."

அவள் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. வராந்தாவுக்குப் போய் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவள் வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் நாடி பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், ஒன்றும் ஆகாது மாமா, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நெஞ்சு அடிக்குது பார் என்று அவள் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். அவருடைய உயிர்ப்பயம் அவள் உள்ளங்கையில் துடித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தபோது அதை வாயில் போடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஷெட்டில் அப்பா ஒரு காரின் கண்ணாடியைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் டேப்பைக் கிழித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? அவன் வரலன்னா நாங்க யாரும் போக முடியாது. நான் இன்னும் எத்தன சீசன் பாக்கப் போறேன்? அவனுக்குக் கெட்டதா நடந்துச்சு? நல்லதுதான நடந்திருக்கு."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா போட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவரைக் கண்டபடி திட்ட நினைத்தாள். ஆனால் டேப் ஒட்டிய களைப்பிலேயே அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. கை தானாக இன்ஹேலரை எடுத்து நீட்டியது. ஒரு மனிதரின் உடம்புக்குள் அவருக்குத் தெரியாமல் மருந்தை ஏற்றியிருக்கிறேன், மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள். சொன்னால் அவள் வேலை போகும், அப்பாவை விசாரிப்பார்கள், வீட்டுக்கு வருமானம் நின்றுபோகும். ஒவ்வொரு மாலையும் சொல்லாமலே திரும்பி வந்தாள். இப்படித்தான் ஆட்கள் கெட்டுப்போகிறார்கள் போலிருக்கிறது என்று பட்டது. அதன் பிறகும் சொல்லவில்லை.

கோலி மாமா ஷெட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அப்பா இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய், உள்ளே ஆள் இருந்தும் திறக்காத கதவைப் பார்த்துவிட்டு வந்தார். சில வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கு அப்பாவும் எலெக்ட்ரீஷியனும் வந்து போட்டுக்கொண்டு போனார்கள்.

மாமா மறுநாள் தனியாக வந்தார். மையத்தை மூடுகிற நேரம். ஐஸ் பெட்டியில் திறந்த குப்பியில் ஓர் ஆளுக்கான மருந்து மிச்சம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை மடித்தார். இளைத்திருந்தார். ஆனால் காய்ச்சல் எதுவும் இல்லை, ஆரோக்கியமாகத்தான் இருந்தார்.

"வேணாம் மாமா. நான் போட மாட்டேன்."

"போடு. இப்ப தெரிஞ்சேதான் வந்திருக்கேன். அந்த பாட்டிலக் காட்டு." வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அதிலிருந்த பொடி எழுத்தையெல்லாம் படித்தார். "காய்ச்சல் வந்துச்சு, போச்சு. கை வீங்குச்சு, வத்திடுச்சு. தினமும் காலைல எழுந்து பாக்கறேன், கல்லு மாதிரி இருக்கேன்."

"நல்லதுதானே மாமா."

"என்ன நல்லது? அவ நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாம்மா. ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும், மாத்திரையப் போட்டுட்டுப் படுன்னேன். டிவில மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு. மறுபடியும் கூப்பிட்டா. இரு, முடியட்டும்னேன்." குப்பியை மேஜையில் மெதுவாக வைத்தார். "ஊசிதான் கொன்னுடுச்சு, ஊசிதான் கொன்னுடுச்சுன்னு சொல்லிட்டே இருந்தேன்ல, அது ஒரு பிடிமானமா இருந்துச்சு. உங்கப்பன் அதையும் உருவிட்டான். ஊசி இல்லன்னா, அப்ப யாரு?"

இந்த மேஜையில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம், ஊசியால் சாக மாட்டீர்கள் என்று அவள் தொண்டை வறளப் பேசியிருக்கிறாள். இப்போது அந்த வாயாலேயே சொன்னாள்: "ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி மாமா. அத்தைக்கு ஊசியாலகூட இருந்திருக்கலாம்."

அவர் அவளை ரொம்பப் பிரியமாகப் பார்த்தார்.

"நீயும் எனக்குத் தண்ணி ஏத்தாதம்மா" என்றார். "போடு."

போட்டாள். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பிடித்துக்கொள்ளவில்லை, பஞ்சு கீழே விழுந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. வெளியே வராந்தாவில், அன்று உட்கார்ந்த அதே இடத்தில், சொன்ன நேரம் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

மேட்ச் அன்று அவளுக்கு டியூட்டி. வரிசை நீளமாக இருந்தது. போன் அதிர்ந்துகொண்டே இருந்ததால் எடுத்தாள். அப்பா. பின்னால் ஆயிரக்கணக்கானவர்களின் இரைச்சல். அப்பாவின் குரல் பொங்கி வழிந்தது.

"கண்ணு! உள்ள வந்துட்டோம்! நாலு பேரும்! கோலியும் வந்துட்டான், கேட்டாண்ட வந்து நின்னான் பாரு, நான் அழுதுட்டேன். ஒண்ணுமே கேக்கல கண்ணு அவன். எல்லாம் சரியாப் போச்சு!"

"மாமாகிட்ட குடுங்கப்பா."

போன் கைமாறுவது கேட்டது. "மாமா" என்றாள். மூச்சு மட்டும் வந்தது. "மாமா, நான்தான். வீட்டுக்குப் போயிடறீங்களா? நான் வரட்டுமா?" எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் மடித்த கையோடு காத்திருந்தாள். அப்போது அங்கே ஏதோ நடந்தது, கோலாகத்தான் இருக்க வேண்டும், மைதானமே எழுந்து அலறியது. அப்பாவின் விசில் பக்கத்திலேயே காதைத் துளைத்தது. யாரோ யாரையோ கட்டிப்பிடிக்கும் ஓசை, பெயர் சொல்லிக் கூவும் ஓசை, தரை அதிரக் குதிக்கும் ஓசை. அத்தனைக்கும் நடுவில் அந்த மூச்சு மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.