சிவப்பு மையில் ஒரே சொல்

காலையில் கொடுத்த மனு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் சக்கரவர்த்தியின் கையெழுத்து. ஒரே ஒரு சொல்: போகலாம்.

கியேம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. உறையைக் கவிழ்த்து உதறினார். கொண்டு வந்த சேவகனிடம், "வேற ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, இதுதான்" என்று அவன் போய்விட்டான். அறுபத்திரண்டு வயது மனிதர் உறையை இன்னொரு தடவை உதறிப் பார்த்தார்.

எங்கள் தலைநகர் ஹுவேயின் அரண்மனையில் ஒரு பெரிய அதிகாரி ஓய்வு கேட்பது கல்யாணப் பேச்சு மாதிரி. எடுத்த எடுப்பில் யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். முதல் மனுவுக்குச் சக்கரவர்த்தி மறுப்பார். உம்மை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று உருகி எழுதி, ஒரு பெட்டி ஜின்செங் மருந்து வேர் கொடுத்தனுப்புவார். சில வாரம் கழித்து இரண்டாவது மனு போகும். அதற்கும் மறுப்பு, கூடவே பட்டு. மூன்றாவதற்குத்தான் மனமில்லாமல் சம்மதிப்பார். அப்புறம் பட்டம், பல்லக்கு, வழியனுப்பப் படகுத்துறை வரைக்கும் மந்திரிமார். முதல் மனுவிலேயே போ என்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதாக அர்த்தம். அப்படிப் போன இரண்டு பேரைக் கியேமுக்குத் தெரியும். ஒருவன் லஞ்சம் வாங்கியவன். இன்னொருவன் சக்கரவர்த்தியின் தாயாரைப் பற்றி வாய்தவறிப் பேசியவன். நான் எதில் சேர்த்தி என்று அவர் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிப்போனது.

அவர் மனு கொடுத்ததற்குக் காரணம் மனைவி தோவா. வடக்கே குவாங் பின் கிராமத்தில் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். சொந்த மாகாணத்தில் ஒருவன் அதிகாரியாக இருக்கக்கூடாது என்பது சட்டம். மூத்த மருமகள் வீட்டுச் சாமி மாடத்தையும் மாமனார் மாமியார் கல்லறையையும் விட்டு வரக்கூடாது என்பது வழக்கம். சட்டம் அவரை இங்கே பிடித்து வைத்தது, வழக்கம் அவளை அங்கே பிடித்து வைத்தது. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தைச் சேர்த்துப் பார்த்தால் நான்கு வருஷம் தேறினால் அதிகம். ஒரே பையன் பிறந்தான், அம்மை கண்டு போனான். அப்போது கியேம் தூதராகப் பீக்கிங்கில் இருந்தார். செய்தி வந்து சேர்ந்தபோது கல்லறையில் புல் முளைத்திருந்தது.

மனுஷன் தொழிலில் சூரர், அதைச் சொல்லியாக வேண்டும். மூன்று தடவை பீக்கிங் போய், யானைத் தந்தமும் அகில் கட்டையும் வைத்துப் பணிந்து, நம் எல்லையில் ஒரு பிடி மண் குறையாமல் திரும்பியவர். சீன அதிகாரி தேநீர்க் கிண்ணத்தை எந்தக் கையால் நகர்த்துகிறான் என்பதை வைத்தே பேச்சு முடிந்ததா இல்லையா என்று சொல்லுவார். சயாம் அரசர் "யோசிக்கிறோம்" என்றதும், எல்லையில் படை கிளம்பிவிட்டது என்று புரிந்துகொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஆள் அனுப்பியவர். ஒரே ஒரு இடத்தில்தான் திணறினார். பீரங்கிக் கப்பலில் வந்த மேற்கத்திக்காரர்கள், இவர் உப்பு தருகிறோம் என்றதும், "உப்பு வேண்டாம், துறைமுகம் வேண்டும்" என்றார்கள். வேண்டாம் என்பதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பத்து நாள் குடைந்தார். ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. அந்த ஆட்களுக்கு உப்பு வேண்டாம், துறைமுகம்தான் வேண்டும்.

சக்கரவர்த்திக்கு அவர் இல்லாமல் ஒரு காரியம் ஓடாது. சாயங்காலமானால் கூப்பிட்டனுப்பிச் சதுரங்கம் ஆடுவார். தோவா வருஷா வருஷம் ஊரிலிருந்து ஒரு ஜாடி புளித்த இறால் அனுப்புவாள். பாதி ஜாடி சக்கரவர்த்தியின் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும். இந்த வருஷம் ஜாடி வரவில்லை. "என்ன, உம்ம வீட்டம்மா நம்மை மறந்துட்டாளா?" என்று ஒருநாள் காய் நகர்த்திக்கொண்டே கேட்டார். "கை நடுங்குதாம், பிரபு" என்றார் கியேம். சக்கரவர்த்தி மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

அப்புறம்தான் தோவாவின் தங்கை ஹேனுடைய புருஷன் படகில் வந்து சேதி சொன்னான். எழுந்து உட்காரவே முடியவில்லையாம். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறதாம்.

"என்னை வரச் சொன்னாளா?" என்று கேட்டார் கியேம்.

"அதெல்லாம் சொல்லலை. 'அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், முடிஞ்சப்ப வரட்டும்'னுதான் சொன்னாங்க."

முடிந்தபோது வரட்டுமாம். அரசர்களின் தும்மலுக்குக்கூட அர்த்தம் கண்டுபிடித்த மனுஷன் இதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூட வா என்று கூப்பிடாதவள் இப்போது அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. இப்போது மனு கொடுத்தால் மூன்றும் முடிந்து புதுவருஷத்துக்குள் ஊர் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைத்தான் சிவப்பு மை கவிழ்த்துவிட்டது.

உடனே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இப்படி மொட்டையாக ஊர் போனால் என்ன சொல்வார்கள்? குடை பிடிக்க ஆளில்லாமல், பட்டமில்லாமல், திருடிப் பிடிபட்டவன் மாதிரி போய் நின்றால் தோவாவுக்கும் அல்லவா தலைகுனிவு? என்ன தப்பு என்று தெரிந்துகொண்டு, அதைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தார். அவளுக்காகத்தான் தாமதிக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நம்பவும் செய்தார்.

மறுநாள் அவர் கழுத்தில் தொங்கிய தந்தப் பட்டயத்தை வாங்கிப் போனார்கள். குடைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் தெரு முழுக்கக் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தது. சடங்குத் துறை மந்திரி புய் இவருடைய இருபது வருஷ நண்பர், இரண்டு பேரும் ஒரே கப்பலில் வாந்தியெடுத்தவர்கள். கியேம் அவர் வீட்டுக்குப் போனார். வாசல்காரன், "ஐயாவுக்கு ஜலதோஷம்" என்றான். உள்ளேயிருந்து புய் யாரிடமோ சிரித்துப் பேசுவது நன்றாகக் கேட்டது. கியேம், "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வழக்கமாக மனுவோடும் மாம்பழத்தோடும் நிற்கிற கூட்டம் வேறு வாசலுக்குப் போய்விட்டது. எங்கள் ஊர் மழை பிடித்தால் விடாது. அந்த வருஷமும் பிடித்துக்கொண்டது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசி மாதம் சக்கரவர்த்தி பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தார். சயாம் எல்லை விஷயத்தில் எதிர்த்துப் பேசியதாலா? சதுரங்கத்தில் தொடர்ந்து ஜெயித்ததாலா? பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தனக்குள்ளேயே வாதாடி, தனக்குள்ளேயே தோற்றுக்கொண்டிருந்தார். இத்தனை ராஜ்யங்கள் பார்த்தவருக்கு அந்த நான்கு சுவர்தான் பொறுக்க முடியாததாக இருந்தது.

சமையற்காரி ஸோ வந்து நின்றாள். "ஐயா, மூட்டையைக் கட்டவா, அவிழ்க்கவா? நேத்து கட்டச் சொன்னீங்க, இன்னைக்குக் கம்பளி கேக்கறீங்க. துணியெல்லாம் பூஞ்சை பிடிக்குது."

"பௌர்ணமி தர்பார் முடியட்டும். யாராவது கூப்பிடுவாங்க."

"அம்மாவுக்கு முடியலைன்னு சொன்னீங்களே."

"தெரியும், போ."

பௌர்ணமி வந்தது, போனது. யாரும் கூப்பிடவில்லை. அதற்கு அப்புறமும் இந்த வாரம், அடுத்த வாரம் என்று அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை ஒரு பல்லக்கு வாசலில் நின்றது. இறங்கியவர் லியூ. சக்கரவர்த்தியின் படுக்கையறைச் சேவகர். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் சிவந்த, யாருக்கும் பயப்படாத கிழவர். சயாம் எல்லை வரைபடம் கியேமின் வீட்டிலேயே தங்கிவிட்டதாம், ஸோவிடம் வாங்கிப் போக வந்திருந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த கியேமைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பெரியவரே, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

கியேமுக்குச் சுருக்கென்றது. "நான் இன்னும் ஊரைவிட்டுப் போகலைன்னு பிரபுவுக்குக் கோபமா?"

"கோபமா? என்னய்யா உளர்றீங்க? அந்த அம்மா எப்படி இருக்காங்க? முதல்ல அதைச் சொல்லுங்க."

கியேம் விழித்தார். லியூ வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மை அரைச்சவன் நான்தான். உங்க மனுவை ரெண்டு தடவை படிச்சார். அப்புறம், 'ஜாடி வரலை, கை நடுங்குதுன்னு சொன்னார். இந்த ஆள் மூணு மனு எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த அம்மாவுக்கு என்ன ஆகுமோ. முறையாவது மண்ணாவது'ன்னு சொல்லிட்டு எழுதினார். ஜின்செங் பெட்டியை எடுத்து வைக்கவான்னு கேட்டேன். 'வேண்டாம், அதைப் பார்த்தா மறுப்புன்னு நினைச்சு இங்கயே உட்கார்ந்துடுவார், ஒண்ணும் கொடுக்காதே'ன்னார்."

கியேம் மடித்து வைத்திருந்த மனுவை எடுத்து அந்த ஒரு சொல்லை மறுபடி பார்த்தார்.

"அவருக்கு மட்டும் உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார் லியூ. குரல் தணிந்துவிட்டது. "சாயங்காலமானா பலகையை விரிக்கச் சொல்றார், தனியா உட்கார்ந்துக்கறார். 'இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்'னு சொல்றார். இப்ப நான் போய் என்னத்தைச் சொல்றது?"

"கிளம்பிட்டார்னு சொல்லுங்க" என்றார் கியேம். எழுந்து வெறுங்கையோடு வாசலுக்கு நடந்தார். ஸோதான் மூட்டையைக் கொண்டுவந்து தோளில் வைத்தாள்.

வடக்கே போகிற ராஜபாட்டை வெள்ளத்தில் முழுகிக் கிடந்தது. ஓடக்காரர்கள் காத்திருக்கச் சொன்னால் அவர் கெஞ்சினார். வாழ்க்கையில் யாரிடமும் நேரடியாக ஒன்றைக் கேட்டுப் பழகாதவர், "என் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, என்னைக் கொண்டு விடுங்கப்பா" என்று முன்பின் தெரியாத ஆட்களிடம் கேட்டார். கொண்டுவிட்டார்கள். கேட்டால் கொடுக்கிறார்களே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிராமத்து வீட்டு வாசலில் ஹேன் நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததுமே கியேம் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் அந்த வெள்ளைத் துணிக்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

"வந்துட்டீங்களா அத்தான்" என்றாள் ஹேன். அவ்வளவுதான். உள்ளே கூட்டிப் போனாள். சாமி மாடத்தில் புதிதாக ஒரு ஊதுவத்திக் கிண்ணம், ஒரு கிண்ணம் சோறு. அவர் ஊதுவத்தி கொளுத்தப் பார்த்தார். அது பற்றவில்லை. ஹேனே கொளுத்திக் கையில் கொடுத்தாள்.

"பௌர்ணமிக்கு மறுநாள் போயிட்டா. கஷ்டப்படலை. நல்ல நினைவோடதான் இருந்தா."

அமாவாசையன்று திரும்பி வந்த மனு அது. அன்றைக்கே கிளம்பியிருந்தால் பத்து நாளாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நாற்பது வருஷத்தில் சேர்ந்தாற்போல் அத்தனை நாள் கிடைத்தது அபூர்வம். அவர் மாடத்தின் முன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஹேன் தடுக்கவில்லை, தேற்றவுமில்லை. அழுகை ஓய்ந்த பிறகு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஊர் வாயைக் கேக்கணுமா அத்தான்? பொண்டாட்டி சாகக் கிடக்கா, பெரிய உத்தியோகக்காரர் எட்டிப் பார்க்கலைன்னு பேசினாங்க. அக்கா படுத்த படுக்கையில இருந்துக்கிட்டே சண்டைக்குப் போயிட்டா. 'அவர் கேட்டிருப்பார், ராஜாதான் விட்டிருக்க மாட்டார். விட்டிருந்தா அந்த நிமிஷமே ஓடி வந்திருப்பார்'னு. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அதையேதான் சொன்னா." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "கடைசியில எப்பத்தான் விட்டார் ராஜா? மூணாவது மனுவுக்கா?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஊரெல்லாம் நம்பும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பழி தூரத்தில் இருக்கிற ராஜாவின் மேல் போய்விடும். செத்துப்போனவள் சொன்னதும் மெய்யாகிவிடும். இதைவிடக் கடினமான இடங்களிலெல்லாம் முகம் மாறாமல் பேசி வந்தவர் அவர்.

"முதல் மனுவுக்கே விட்டுட்டார், ஹேன்" என்றார். "கேட்ட அன்னைக்கே போகலாம்னு எழுதிட்டார். நான்தான் வரலை."

ஹேன் மாடத்தில் விழுந்த ஊதுவத்திச் சாம்பலைக் கையால் ஒதுக்கினாள்.

"அக்கா இதைக் கேட்டிருந்தா நம்பியிருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.