வெள்ளைத் தாள்

மலைக்கோயில் பல்லக்கு ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் 'தோரி' என்கிற கோயில் நுழைவாசலைத் தாண்டி வெளியே வரும். முன்தண்டில் வலப்பக்கம் நிற்பவனின் தோள்தான் அதைத் திருப்ப வேண்டும். பின்னால் இருக்கும் முப்பது பேரும் சும்மா பாரம் தாங்குகிறவர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவில் அந்த இடம் ஷின்சாகுவுக்கு. அவனால் முடியாவிட்டால் அடுத்த பெயர், பக்கத்து வீட்டு தொமேஜி.

ஷின்சாகுவின் பயமெல்லாம் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பற்றித்தான். வீட்டில் சாவு விழுந்தால் ஐம்பது நாள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. சாவு பாவமில்லை, தீட்டு. ஈரத்துணி மாதிரி, தொட்டவர்களையெல்லாம் நனைத்துவிடும்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்குங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

கிழவர் சிரித்தார். "உங்கம்மா திருவிழாவுக்கு முதல் நாள் செத்தா. அந்த வருஷம் முன்தண்டு எனக்குத்தான்டா. வாசலுக்கு வெளியே நின்னு வேடிக்கை பாத்தேன். நீ மட்டும் உள்ளே போயிடுவியா?"

சனிக்கிழமை காலை கஞ்சி கொண்டுபோன மனைவி யசுயே திரும்பி வந்தாள். "ஏங்க, மாமாவுக்கு மூச்சில்லை."

"கத்தாதே. நாளைக்குச் சாயங்காலம் போனாருன்னு சொல்லிக்கலாம்." ஷின்சாகு அப்பாவின் அறை ஜன்னலைச் சாத்தினான்.

கால் மணி நேரத்தில் தொமேஜி வந்து நின்றான். கையில் வெள்ளைத் தாள். சாவு வீட்டில் சாமி மாடத்தைத் தாள் ஒட்டி மூட வேண்டும். தீட்டுப்பட்ட வீட்டார் கை அதில் படக் கூடாது என்பதால் வெளியாள்தான் ஒட்டுவான்.

"உனக்கு யாருடா சொன்னது?"

"உங்கப்பாதான், போன மாசமே. 'பகல்ல என் ஜன்னல் சாத்தியிருந்தா நான் போயிட்டேன்னு அர்த்தம். எம்புள்ளை மறைப்பான், நீ தாளோட போ'ன்னாரு. ஸ்டூல் ஆடுது, பிடி."

ஷின்சாகு பிடித்துக்கொண்டான். தொமேஜி நான்கு மூலையையும் நிதானமாகத் தடவி ஒட்டிவிட்டு இறங்கினான்.

யசுயே ஆணியில் தொங்கிய முன்தண்டுக்காரனின் நீலச் சட்டையை எடுத்துத் தொமேஜியிடம் நீட்டினாள்.

"வேணாம்மா, அதுவும் தீட்டு. எனக்குப் போன மாசமே தைச்சாச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஷின்சாகு வாசலுக்கு வெளியே நின்றான். தொமேஜி தோளைத் தப்பாகத்தான் கொடுத்தான். பல்லக்கு எப்படியோ திரும்பிவிட்டது.