காரணம் கட்டாயம்

மைசூர் விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் இருக்கும் பிராட்பேண்ட் அலுவலகத்தில் சொர்ணலதா ஆறு வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். ஹனூர்ப் பக்கத்துப் பெண். கன்னடத்திலும் வசவு வாங்குவாள், தமிழிலும் வசவு வாங்குவாள், இரண்டுக்கும் ஒரே சிரிப்புத்தான். நெட் வரவில்லை, மெதுவாக வருகிறது, ரிப்பேருக்கு ஆள் வரவில்லை. திட்டுவதற்கு இந்த மூன்றை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், ஜூன் மாதம் கம்பெனி அந்த மெசேஜை அனுப்பும் வரை.

'நீங்கள் இணையத்தில் பார்ப்பவற்றைக் கொண்டு, உங்கள் ரசனைக்கேற்ற விளம்பரங்களை இனி வழங்குவோம். விருப்பமில்லாதவர்கள் அலுவலகத்தில் படிவம் தரலாம்.'

ஒரு வாரம் கழித்து ஒரு நாள் காலை, ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். முதல் ஆள் சென்னப்பன். நஞ்சன்கூட்டு ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது லேஅவுட் சங்கத் தலைவர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல்.

"நான் எதைப் பார்க்கறேன்னு உங்க கம்பெனிக்கு எதுக்கும்மா? ஒயர் இழுத்து விட்டது நெட்டுக்கா, எங்க வீட்டை எட்டிப் பார்க்கறதுக்கா?"

பின்னால் நின்றவர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். சொர்ணலதா படிவத்தை நீட்டினாள். பெயர், முகவரி, இணைப்பு எண் எல்லாம் விறுவிறுவென்று எழுதியவர் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டார். 'மறுப்பதற்கான காரணம்' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

"இது எதுக்கு?"

"தெரியலீங்க. ஆனா கட்டாயம்னு போட்டிருக்குதுங்க."

சென்னப்பன் திரும்பி வரிசையைப் பார்த்தார். பிறகு கவுண்டர்க் கண்ணாடியின் ஓட்டைக்குள் முகத்தையே நுழைத்துவிடுவார் போலக் குனிந்தார். அவருக்கு மெல்லப் பேசவும் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன். எங்க கேட்டுக்குப் பக்கத்துல ஒரு நாய் குட்டி போட்டிருக்குது. என்ன குடுக்கலாம்னு ரெண்டு நாள் தேடிப் பார்த்தேன். இப்ப போனைத் தொறந்தா நாய் பிஸ்கட்டு, நாய் ஷாம்பு, நாய்க்கு மெத்தை."

"அதுல என்னங்க தப்பு?"

"தெருநாயெல்லாம் புடிச்சுட்டுப் போகச் சொல்லி மாநகராட்சிக்கு மனுக் குடுத்ததே நான்தானேம்மா!"

அடுத்து வந்தவர் மேல்கோட்டைக்காரரான ஆண்டாள் மாமி. அவருக்குக் குனிகிற வழக்கமெல்லாம் இல்லை.

"இதோ பாருடீம்மா. சனிக்கிழமை பாராயணக் குழு எங்காத்துல கூடித்து. டிவியிலே ஸ்லோகம் ஓடிண்டிருக்கு. நடுவிலே ஒரு பைக்கு புர்ர்னு வந்து நின்னு, 'உங்களுக்காகக் காத்திருக்கிறேன்'ங்கறது. எல்லாரும் என் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தா. அவன் பாவம், ஸ்கூட்டர் எடுக்கவே பயப்படுவான்."

"அப்ப தேடினது யாருங்க மாமி?"

"நான்தான். பார்க்கறதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா என்ன?"

சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்குள் நாற்பது பேர் வந்து போனார்கள். எந்த வீட்டில் மாப்பிள்ளை தேடுகிறார்கள், யார் குண்டலுபேட்டையில் நிலம் பார்க்கிறார்கள், யாருக்கு மூட்டு வலி, எந்த யோகா ஆசிரியர் தொப்பை குறைக்கும் பெல்ட்டுக்கு அலைகிறார் எல்லாம் சொர்ணலதாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடத்தில் கம்பெனியே இவ்வளவு தெரிந்துவைத்திருக்குமா என்பது சந்தேகம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவரவர் வாயாலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு நடந்து போகும்போது இரண்டு பேர் அவளைக் கண்டு எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். யோகா ஆசிரியர் ஒரு டஜன் வாழைப்பழம் கொடுத்தார்.

அவளுக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எல்லாப் படிவங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மறுநாளே நாற்பதும் திரும்பி வந்தன. 'காரணம் இல்லை' என்று குறிப்பு. பெங்களூரு அலுவலகத்திலிருந்து தருண்குமார் போனில் வந்தான்.

"மேடம், ரீசன் இல்லாம சிஸ்டம் எடுக்காது."

"வேண்டாம்னு சொல்றாங்க. அது போதாதுங்களா?"

"ஏன் வேண்டாம்னு வேணும் மேடம்."

"எதை மறைக்கணும்னு எழுதிக் குடுத்தாத்தான் அதை மறைப்பீங்க. அப்படித்தானுங்களே?"

"பாலிசி மேடம்" என்றான். அவன் குரலிலேயே அந்தப் பாலிசி மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

சொர்ணலதா போனை வைத்துவிட்டு யோசித்தாள். சென்னப்பன் படிவத்தை எடுத்தாள். அந்தக் கட்டத்தில் 'வாடிக்கையாளருக்கு வெட்கம்' என்று தட்டினாள். சிஸ்டம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. ஆண்டாள் மாமிக்கும் வெட்கம் என்று போட்டாள். மாமிக்கும் வெட்கத்துக்கும் வெகுதூரம், ஆனாலும் அதையும் எடுத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து வந்தவர்களை வாயே திறக்க விடவில்லை. "கையெழுத்து மட்டும் போடுங்க, காரணத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. தங்கள் ரகசியத்தைச் சொல்ல முடியாமல் போனதில் ஒன்றிரண்டு பேருக்குக் கொஞ்சம் ஏமாற்றமும்கூட.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசையில் ஏழாவது ஆளாக அவள் கணவன் முரளிதரன் நின்றிருந்தான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இந்நேரம் அவள் சாப்பாட்டுக்குப் போயிருப்பாள், பக்கத்து சீட்டுக்காரர் இருப்பார் என்று கணக்குப் போட்டு வந்தவன், கவுண்டருக்கு வந்து அவளைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். பின்னால் கூட்டம்.

"ஏனுங்க, நீங்களா? இணைப்பு உங்க பேர்லதான் இருக்குது, சரி. காரணம் என்னங்க?"

"எல்லாருக்கும் நீயே எழுதிக்கறதாச் சொன்னாங்களே?"

"உங்களுக்கு மட்டும் கட்டாயம்."

முரளிதரன் பாவமாகச் சிரித்தான். "சும்னே, சும்மா ஒண்ணு தேடினேன், சொர்ணா."

"என்ன தேடினீங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "கோபமா இருக்கிற பொண்டாட்டியைச் சமாதானம் பண்றது எப்படின்னு."

அவள் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

"அன்னைலேர்ந்து போன்ல டைவர்ஸ் வக்கீலாத்தான் வராங்க. நேத்து ஒரு கஸ்டமருக்கு ஃபிரேம் காட்டலாம்னு போனை நீட்டினா, அதுலயும் வக்கீல். ஓனர் பார்த்துட்டார். தோள்ல கையப் போட்டு, 'மனசு விட்டுடாதே முரளி'ன்னு ரெண்டு நாள் லீவு குடுத்துட்டார்."

பின்னால் நின்ற பெண்மணிகள் இருவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள். சொர்ணலதா அதைக் கவனிக்கவில்லை.

"நான் எப்பங்க கோபப்பட்டேன்?"

"போன வாரம் பூரா வீட்ல ஒரு வார்த்தை பேசலையே நீ?"

"அய்யோ! இங்க எட்டு மணி நேரம் ஊர்க்கதையெல்லாம் கேட்டு, பதில் சொல்லி, பெங்களூர்க்காரங்கிட்ட மல்லுக்கட்டி வந்தா, அப்புறம் பேசறதுக்கு வாய்ல என்னங்க மிச்சம் இருக்கும்? அலுப்புங்க. கோபமில்லீங்க."

முரளிதரன் முகம் தெளிந்துவிட்டது. "அலுப்பா?" என்றான், ஏதோ நல்ல சேதி கேட்டவன் போல. "அது தெரிஞ்சிருந்தா வேற மாதிரி தேடியிருப்பேனே."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கோபமா இருக்கறவகிட்ட எப்படிக் கேக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "சரி, அதுல என்ன பண்ணச் சொல்லிப் போட்டிருந்தது?" என்றாள்.

"மல்லிப்பூ வாங்கிக் குடுக்கச் சொல்லிச்சு."

"குடுக்கவே இல்லையே நீங்க?"

"அதுக்குள்ள வக்கீல் வந்துட்டார்."

வரிசை முழுக்கச் சிரித்தது. சொர்ணலதா காதெல்லாம் சிவந்துபோய், அவன் படிவத்திலும் 'வாடிக்கையாளருக்கு வெட்கம்' என்று தட்டி அனுப்பினாள். இந்த ஒரு படிவத்தில் வெட்கம் வாடிக்கையாளருடையதுதானா என்று கேட்டால் சொல்வது கஷ்டம்.

மாதக் கடைசியில் தருண்குமார் மறுபடியும் போன் செய்தான்.

"மேடம், உங்க பிராஞ்ச்ல முந்நூத்திப் பன்னண்டு பேர். எல்லாருக்கும் வெட்கமா?"

"ஆமாங்க. இந்த ஊர்க்காரங்க அப்படித்தானுங்க."

"மேலிடத்துல ரிப்போர்ட் பார்த்துட்டு அந்தக் கட்டத்தையே எடுத்துடலாம்னு சொல்றாங்க." கொஞ்சம் தயங்கினான். "மேடம், நானும் உங்க பிராஞ்ச் வழியா ஒரு ஃபார்ம் அனுப்பலாமா?"

"அனுப்புங்க" என்றாள் சொர்ணலதா. "காரணம் கேக்க மாட்டேன்."