அத்தானின் வடிவான விரல்கள்

என் அத்தான் கேதீஸ்வரனுடைய விரல் ரேகைகளைப் போல வடிவான ரேகைகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாடப்புத்தகத்தில் படமாகப் போடலாம். ஒன்றையொன்று தொடாமல், நடுச் சுழியில் தொடங்கி விரலின் ஓரம்வரை ஒரு கோடுகூட அழியாமல் ஓடும். கந்தோரில் கையெழுத்துப் போட்டே ஓய்வுபெற்றவர். தேத்தண்ணி குடித்த கப்பைக்கூட ஆயுளில் கழுவியறியாத கை வேறெப்படி இருக்கும்? நான் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். ஆகவே விரலைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்துதான் சொல்கிறேன்.

இந்த வடிவான விரல்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா உதயகலா. அவளுடைய விரல்களில் ரேகையே இல்லை. கனடா விசாவுக்காகக் கொழும்புக்குப் போகும்வரை எங்கள் ஒருவருக்கும் அது தெரியாது.

அக்காவின் ஒரே மகள் ஆரபி ரொறன்ரோவில் இருக்கிறாள். கலியாணமாகிக் கனகாலம் பிள்ளை தங்காமல் இருந்து, போன வருடம்தான் தங்கியது. "பிள்ளை பிறக்கேக்கை நீங்கள் பக்கத்திலை நிக்க வேணும் அம்மா" என்று போனில் அழுதாள். அக்காவுக்கும் அதைவிட உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் விண்ணப்பித்தோம். கொழும்பில் விரலடையாளம் எடுக்கிற இடத்துக்கு நானும் கூடப் போனேன். அத்தான் மெசினில் கையை வைத்தார், எடுத்தார், முடிந்தது. அக்கா வைத்தாள். அங்கிருந்த பெண் துடைத்துப் பார்த்தாள், ஈரமாக்கிப் பார்த்தாள், தன் கையால் அமத்திப் பார்த்தாள். மெசின் அக்காவை ஒரு மனுசியாகவே கணக்கெடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வரச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை அத்தானுக்குச் சிரிப்பு.

"சுபா, உம்மடை கொக்கா களவெடுக்கப் போயிருக்கலாம். பொலிஸ் தலைகீழா நிண்டாலும் பிடிச்சிருக்கேலாது."

அக்காவும் சேர்ந்து சிரித்தாள். பேருந்து யன்னலால் இரண்டு பேரையும் வெளியே தள்ளலாமா என்று எனக்கு வந்தது.

அடுத்த நாளே அவளைப் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரல் நுனியில் செலோரேப்பை ஒட்டி உரித்து, கண்ணாடித் துண்டில் பதித்து, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். முதலில் என்னுடையதைக் காட்டினேன். தோலின் செத்த கலங்கள் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன; வரிசையின் முதுகில் இடைக்கிடை வியர்வைத் துளைகள். பிறகு அவளுடையதை வைத்தேன். வரிசையுமில்லை, துளையுமில்லை. தண்ணீர் காணாத வெங்காயத் தோட்டத்துத் தறைபோல வெடித்துக் கிடந்தது.

"எல்லாம் அழிஞ்சு போச்சுதோடி?" என்றாள்.

"அழியேல்லை. கீழை கிடக்குது" என்றேன்.

அதுதான் தோலின் கெட்டித்தனம். நாங்கள் தொட்டுத் தடவுகிற மேற்பரப்பு முழுக்கச் செத்த கலங்கள். மேற்றோலின் அடியில் பிறக்கிற கலம் மெல்ல மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, இறுகி, செத்து, கடைசியில் உதிரும். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். ரேகையின் வேர் அங்கே இல்லை. அது இன்னும் கீழே, உட்டோலில் இருக்கிறது. உட்டோலின் மேற்புறம் சின்னச் சின்ன மேடுகளாக எழும்பி நிற்க, அந்த மேடு பள்ளத்தின்மேல் மேற்றோல் படிந்து வளர்வதால்தான் விரலில் கோடு விழுகிறது. தொட்டதை உணர்கிற நரம்பு நுனிகளும் அந்த மேடுகளுக்குள்தான் இருக்கின்றன. மேலே எவ்வளவு தேய்ந்தாலும் உட்டோல் பழுதாகாதவரை அதே கோடு, அதே சுழி திரும்ப வரும். தோலுக்கு அவகாசம் கொடுத்தால் போதும்.

அந்த அவகாசத்தைத்தான் அக்காவுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. ஒரு கலம் ஏறி மேலே வருவதற்குள் இரண்டை அவள் தேய்த்துக் கழுவி ஊற்றிவிடுவாள். விடிய எழும்பிச் சாம்பலால் சட்டி விளக்குவது, தேங்காய் துருவுவது, அம்மியில் அரைப்பது, சவர்க்காரத்தூளில் உடுப்புத் தோய்ப்பது, வெயில் ஏறமுதல் வெங்காயத் தறையில் புல்லுப் பிடுங்குவது. வீட்டில் மெசின் இல்லாமலில்லை. ஆரபி அனுப்பிய காசில் வாங்கிய வோஷிங் மெசினின்மேல் அத்தான் பேப்பர் அடுக்கி வைத்திருக்கிறார். மெசினில் தோய்த்தால் சேட்டுக் கொலரில் ஊத்தை போகாதாம். கிரைண்டர் பெட்டியோடு அலுமாரியில் இருக்கிறது; அதில் அரைத்த சம்பலில் ருசி இல்லையாம். கடைச்சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். அத்தானின் நாக்குக்கு அக்காவின் தோல்தான் தீனி.

ஒரு மாதம் அவள் எதையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். இரவில் தேங்காயெண்ணெய், பகலில் பஞ்சுக் கையுறை. அத்தான் பெருந்தன்மையாக இறங்கி வந்தார்.

"ஒரு மாதம்தானே. சமையலை நான் பாக்கிறன். உதென்ன பெரிய வித்தையே?"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் போனவர் முதலில் கேட்டது உப்பு எங்கே கிடக்கிறது என்று. பிறகு அரிசியைக் கழுவ வேணுமோ என்றார். பிறகு தண்ணி கொதித்ததை எப்படி அறிவது என்றார். கந்தோரை நடத்தினவர்! இரண்டாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாரிப்பிடிப்பு என்று படுத்துவிட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் நான்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சொதியில் புளி கூடிப்போச்சு என்று எனக்கும் சொன்னார்.

மூன்றாம் கிழமை அக்காவின் விரலில் கோடு தெரியத் தொடங்கியது. மெல்லியதாக, உடைந்து உடைந்து, ஆனால் கோடு. யன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எடி சுபா, இஞ்சை பார், சுழி இருக்கு. எனக்கும் சுழி இருக்கு!"

அவளுடைய முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் கண்டு கனகாலம். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. ஆரபிக்குப் படமெடுத்து அனுப்பினோம்.

அடுத்த கிழமை, கொழும்புக்குத் திரும்பிப் போகச் சில நாளே இருக்கையில், அத்தானின் தகப்பனாருக்குத் திவசம் வந்தது. அளவெட்டியில் வடிவாகச் சமைத்துக் கொடுக்கிற ஒரு மனுசியை நான் ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன். அத்தான் கதிரையை விட்டு எழும்பாமலே அதை மறித்தார்.

"அப்புவின்ரை திவசத்துக்கு வெளியாள் சமைக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"அத்தான், அப்பு செத்து எத்தினையோ வருசம். உங்கடை பேரப்பிள்ளை இன்னும் பிறக்கேல்லை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ."

"உமக்கென்ன, நீர் கலியாணம் கட்டாத ஆள். உமக்கு உதுகள் விளங்காது."

எனக்கு விளங்கவில்லைத்தான். செத்த மனுசனுக்குப் படைப்பதற்காக, பிறக்கப்போகிற பிள்ளையிடமிருந்து அம்மம்மாவைப் பறிக்கிற நியாயம் எந்தக் கலியாணத்தில் விளங்குமோ தெரியாது. அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள்தானேடி. பாவம் மனுசன்."

செம்புகளைப் புளி போட்டு மினுக்கினாள். விரலெல்லாம் கயர் பிசினாய் ஒட்ட ஒட்ட வாழைக்காய் சீவினாள். தேங்காய் துருவி, மிளகாய் அரைத்து, வடை தட்டி, பாயசம் காய்ச்சி, வந்த சனமெல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு அத்தனை சட்டியையும் தானே விளக்கினாள். பொழுதுபட நான் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். நுனிகள் உரிந்து சிவந்து போயிருந்தன. ஒரு கோடு இல்லை. அத்தான் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் வயிறு முட்டி ஏவறை விட்டுக்கொண்டு சொன்னார்:

"என்னதான் சொல்லுங்கோ, கலாவின்ரை கைப்பக்குவம் வேறைதான்."

கொழும்பில் மெசின் மறுபடியும் அவளைத் திருப்பி அனுப்பியது. அத்தானின் விசா மட்டும் வந்தது. கிடைத்ததை வீணாக்கக் கூடாது, ஒருவராவது பிள்ளைக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவர் புறப்பட்டார். துணையாம்! ஆரபி எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள்.

"சித்தி, அப்பா மட்டும் வந்து என்னத்தைச் செய்யப் போறார்?"

"உன்ரை வீட்டிலை சோபா கிடக்குத்தானே. அதிலை இருப்பார்."

அத்தான் போனபிறகு அக்கா சமைத்துப்போட வீட்டில் ஒருவருமில்லை. ஒரு பிடி அரிசி, ஒரு கறி. கையுறையும் இல்லை, சட்டமும் இல்லை; தோல் தன்பாட்டில் வளர்ந்தது. மூன்றாம் தடவை மெசின் அவளுடைய பத்து விரலையும் ஒரே அமத்தில் எடுத்துக்கொண்டது. ஆனால் விசா வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. பெண்பிள்ளை. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்களாம். ஆரபி வலியில் "அம்மா, அம்மா" என்று கத்தினதாக மருமகன் சொன்னபோது அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அந்த நாள் இனி அவளுக்குத் திரும்ப வராது.

ஆரபி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அடுத்த நாள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். போனை எதிலோ சாத்தி வைத்திருந்தாள். ஒரு கையில் பிள்ளை. மற்றக் கையால் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். காயத்தின் நோவில் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றாள். பின்னால் சோபாவில் அத்தான் காலை நீட்டியிருந்தார்.

"என்ன பிள்ளை, நீயோ சமைக்கிறாய்?" என்றாள் அக்கா.

"இவர் வேலைக்குப் போட்டார் அம்மா. அப்பாவுக்குக் கடைச்சாப்பாடு ஒத்துவரேல்லையாம்."

பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது.

"கலா, உவளுக்குச் சொதி வைக்கத் தெரியேல்லை. போனிலையாவது சொல்லிக்குடு. நீ வந்திருந்தால் எனக்கு உந்தக் கரைச்சல் இல்லை."

பாவம் மனுசன் என்றுதான் அக்கா சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஆரபி, அடுப்பை நிப்பாட்டு."

"ஏனம்மா?"

"நிப்பாட்டிப்போட்டுப் பிள்ளையோடை போய்ப் படு. பசிச்சால் அப்பா எழும்பிச் சமைப்பார்."

"அப்பாவுக்கு ஒண்டும் தெரியாதேம்மா."

"ஓம், தெரியாது. நான் என்ரை கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு அவரை ஒண்டும் தெரியாத ஆளாக்கிப்போட்டன். உன்ரை கையாலை நீ அதைச் செய்யாதை."

"கலா, நீ என்ன கதைக்கிறாய் எண்டு உனக்குத் தெரியுதோ?" என்று அத்தான் சத்தம் போட்டார். அப்போதும் அவர் எழும்பவில்லை.

ஆரபி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டி அடுப்பை நிறுத்தினாள். சட்டியில் கொதி அடங்கி, அவள் பிள்ளையோடு அறைக்குள் போகும்வரை அக்கா போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.